ஒட்டி உட்கார்ந்த கொட்டைகள்

எழுத்து கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆராயிக்குக் கண்ணும் சும்மா இருப்பதில்லை, வாயும் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பேர், சோப்பு உறை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் படித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதுவும் மனசுக்குள் படிக்கத் தெரியாது. ஊருக்கே கேட்கும்படி உரக்கத்தான் படிப்பாள். காது குத்தியவள் கம்மலை ஆட்டி ஆட்டிக் காட்டுகிற மாதிரிதான். அறிவொளி வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பகலெல்லாம் வேலை செய்து மரத்துப்போன கையால் பலப்பத்தைப் பிடித்து 'ஆ' போடப் பழகினவள். அப்படிச் சம்பாதித்த எழுத்தை வீணாக்க அவளுக்கு மனசு வருமா?

வேலை சின்னக்கடைத் தெருவில், கோதண்டராமன் காப்பித்தூள் கடையில். ஏற்காட்டிலிருந்து மூட்டை வந்து இறங்கும். பச்சைக் கொட்டையை முறத்தில் போட்டுக் கல், கறுப்பு, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். பிறகு அடுப்பின் மேல் இருக்கும் இரும்பு உருளையில் கொட்டி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பச்சைக் கொட்டைக்குக் காப்பி வாசனை துளிகூடக் கிடையாது. நனைந்த கோணியும் புல்லும் கலந்த வாடைதான் அடிக்கும். சுற்றச் சுற்ற அது மஞ்சளாகும், தவிட்டு நிறமாகும், திடீரென்று சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். அந்த வெடிக்குப் பிறகுதான் அதற்கு உயிர் வரும். தெருமுனையில் பூ விற்கிறவள்கூட மூக்கை நிமிர்த்துவாள். தோள்பட்டை இற்றுப்போகும் நேரத்தில் அந்த வாசனை எழும். 'சரி, இன்னும் கொஞ்சம் சுத்தலாம்' என்று ஆராயிக்குத் தோன்றும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி ஒரு பொட்டலம் தூள் கொடுப்பார். ஆராயியின் ஒரே மகள் பச்சையம்மாள் அந்தத் தூளில்தான் வளர்ந்தாள். பால் பல் விழுவதற்கு முன்பே காப்பி குடிக்கப் பழகிய பெண். போன வருடம் அவளை அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேணு கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறான். மாமியார் வெள்ளையம்மாள் ஒண்ணரை ஏக்கர் கொல்லையில் மல்லாட்டை பயிரிடுகிறவள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு வேறு பேர் சொல்வதில்லை. குறை சொல்ல முடியாத மாமியார். தான் டீ குடிக்கிற ஜாதியாக இருந்தாலும் மருமகளுக்காகக் காப்பித்தூள் டப்பா ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தவள்.

இப்போது பச்சையம்மாளுக்கு நாலாம் மாசம். மசக்கையில் சோறு ஆகவில்லை, டீ வாடை ஆகவில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பி மட்டும் உள்ளே போனால் தங்கும். அந்த ஒரு டம்ளருக்குத்தான் ஆராயி தன் வாயாலேயே உலை வைத்தாள்.

நடந்தது இதுதான். காப்பி தயாரிக்கிறவர்கள் யாரோ அனுப்பிய வண்ணப் படத்தாள் ஒன்று கடைக்கு வந்தது. காப்பிச் செடி, மல்லிகைப் பூ மாதிரி வெள்ளைப் பூ, சிவப்புப் பழம், பழத்தைப் பிளந்தால் உள்ளே இருக்கும் கொட்டை. பக்கத்திலேயே பெரிய எழுத்தில் விளக்கமும் போட்டிருந்தார்கள். இரண்டு தாள் வந்திருந்ததால் ஒன்றை முதலாளி ஆராயிக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சுருட்டிக்கொண்டு நேரே மகள் வீட்டுக்குப் போனாள்.

"சம்பந்தி, இங்க வாங்க. நாம குடிக்கிறது இன்னானு தெரிஞ்சிக்காமலே குடிக்கிறோம் பாருங்க" என்று கூடத்தில் தாளை விரித்து, விரலை ஓட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ராகம் போட்டுப் படித்தாள்: "கா...பிப் பழத்திற்...குள் இரண்டு வி...தைகள், தட்டை...யான பக்கம் ஒன்றை ஒன்று பார்க்க, ஒட்டி அமர்ந்...திருக்கும்."

வெள்ளையம்மாள் தன் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா படிங்க."

ஆராயிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் உரக்கப் படித்தாள்.

"ரெண்டு கொட்டை. ஒட்டி."

"ஆமாங்க. ஒவ்வொரு பழத்துலயும்!"

வெள்ளையம்மாள் எழுந்து போனாள். மருமகள் கையில் பாதி குடித்தபடி இருந்த டம்ளரை வாங்கி, வாசலில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள்.

"இனிமே இந்த ஊட்ல காப்பி கெடையாது" என்றாள். "ரெட்டை வாழப்பழத்தைப் புள்ளத்தாச்சிக்குக் குடுப்பாங்களா? இது தெரியாம நானே தெனம் போட்டுக் குடுத்துக்கினு இருந்தேனே, மாரியாத்தா!"

"ஐயோ சம்பந்தி, அது வாழப்பழம், இது..."

"நீங்கதானே படிச்சீங்க? படிச்சவங்க சொன்னா கேக்கணும் இல்ல?"

பச்சையம்மாள் தன் அம்மாவைப் பார்த்தாள். பூனை பாலைக் கவிழ்த்தால் அதை ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனவள் ஆராயி கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த வேணுதான் விஷயத்தைச் சொன்னான். "கோவிச்சிக்காதீங்க அத்த. எங்க பெரியம்மா ரெட்டைப் புள்ள பெத்துதான் செத்துப்போச்சி. அது ரெட்டை வாழப்பழம் துன்னுச்சினு ஊரே சொல்லுச்சாம். அதுலேர்ந்து அம்மாவுக்கு ரெட்டைனு கேட்டாலே பயம். நர்சம்மாவே ஒரு டம்ளர் குடிக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதையும் காதுல வாங்கல."

அதைக் கேட்ட பிறகு ஆராயியால் வெள்ளையம்மாளைத் திட்டவும் முடியவில்லை. பயந்தவளிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் மகள் பேசவில்லையே! அடுத்த முறை போனபோதும் பச்சையம்மாள் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"தலவலி" என்றாள் வெள்ளையம்மாள். "ரெண்டு நாளா மண்ட வெடிக்குதுன்றா."

கோதண்டராமனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். காப்பியைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பசியும் தெரியாது. "வெடிக்காம இன்னா பண்ணும்? காப்பிக்குள்ள காபீன்னு ஒரு கசப்புச் சத்து இருக்குது. செடி அதை நமக்காகவா வெச்சிருக்குது? இலையையும் கொட்டையையும் பூச்சி கடிக்காம இருக்கணும்னு வெச்சிருக்குது. நாம அதைக் குடிச்சிக் குடிச்சிப் பழகிட்டோம். திடீர்னு நிறுத்தினா மண்ட வலிக்கத்தான் செய்யும். அப்புறம் தானா அடங்கிடும்."

"பூச்சிக்கு வெசம், எம்பொண்ணுக்கு உசுரா?"

"எல்லாருக்கும்தான். டீ இலைல இருக்கிறதும் அதே சரக்குதான். சாக்லேட்டு செய்றாங்களே கொக்கோ, அதுலயும் கொஞ்சம் இருக்குது."

சாக்லேட் என்றதும் ஆராயிக்கு முகம் மலர்ந்தது. வேணு மனைவிக்காக வேனில் சாக்லேட் வாங்கி வருகிறான், வெள்ளையம்மாளும் தடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தக் கொக்கோ எப்பிடி மொதலாளி, எலையா, வேரா?"

"மரத்து மேலயே பப்பாளி மாதிரி காய் தொங்கும். உள்ள வெள்ளைச் சதையில பொதிஞ்சி கொட்டை. ஒரு காய்க்கு முப்பது நாப்பது இருக்கும்."

ஆராயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். படித்தவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் விழுங்கினது அன்றைக்குத்தான்.

ஆனாலும் மூளை சும்மா இருக்குமா? மறுநாள் முறத்தில் கொட்டை பொறுக்கும்போது ஒன்று உருண்டு ஓடியது. தட்டைப் பக்கமே இல்லாமல் பட்டாணி மாதிரி உருண்டை. இந்த ரகத்தைக் கடையில் பீபெரி என்பார்கள். பழத்தில் ஒற்றைக் கொட்டை மட்டும் விழுந்தால் அது இப்படி உருண்டுவிடும். ஆராயி எழுந்து ஆடாத குறைதான். ஒற்றைக் கொட்டை! முதலாளியிடம் கேட்டு ஒரு படி பீபெரியைத் தனியாக வறுத்து அரைத்து, ஒரு பிடி முழுக் கொட்டையையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு ஓடினாள்.

வெள்ளையம்மாள் கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். முகம் இளகியது.

"இது ஒத்தையா?"

"ஒத்தையேதான்."

"பேரு இன்னா?"

"பீபெரி."

"பேரு வெளங்கல. இருந்தாலும் பரவால்ல. அது எப்பிடி இது மட்டும் ஒத்தையாச்சி?"

இங்கேயாவது ஆராயி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கும் தாளில் விளக்கம் இருந்ததே! கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கும்போது அதைப் படிக்காமல் விட அவளால் முடியுமா? தாளை எடுத்தாள், விரலை வைத்தாள், ராகத்தை ஆரம்பித்தாள்: "சில பழங்...களில் இரண்டு விதை...களில் ஒன்று வள...ராமல் போய்..."

நிறுத்திவிட்டாள். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

வெள்ளையம்மாளின் உள்ளங்கையிலிருந்து கொட்டைகள் தரையில் உருண்டன. "ஒண்ணு செத்துப்போயி மிச்சம் இருக்கிற ஒண்ணா? அதையா எங்க ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க? சம்பந்தி, உங்களுக்கு யாரு படிக்கக் கத்துக்குடுத்தது? அந்தப் புண்ணியவானை நான் பாக்கணும்."

உள்ளேயிருந்து பச்சையம்மாள் 'ச்சே' என்றது மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு சிக்கரியை முயன்றாள். சிக்கரி ஒரு செடியின் வேர். காய வைத்து வறுத்து அரைத்து, காப்பித்தூளோடு கலப்பது. "வேருங்க, வேரு. அதுல கொட்டையே கெடையாது" என்று வெறும் சிக்கரியைக் கொண்டுபோனாள். வெள்ளையம்மாள் வேருக்குத் தடை சொல்லவில்லை. தானே பால் காய்ச்சிப் போட்டுக் கொடுத்தாள். பச்சையம்மாள் ஆசையாக வாங்கினாள். நிறம் காப்பி, நுரை காப்பி. ஒரு வாய் குடித்தவள் டம்ளரை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அத்த, இது காப்பிக்குச் சித்தப்பா மவன்கூட இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

பக்கத்தில் நிற்கிற பெற்ற தாயை 'அந்தம்மா' என்றாள். ஆராயி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வழியில் வந்த ஒரு போர்டைக்கூடப் படிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஆனி மாசம் பிறந்தது. விதைப்புக்கு விதை மல்லாட்டை உடைக்க ஆள் வேண்டும் என்று வெள்ளையம்மாள் சொல்லி அனுப்பினாள். என்னதான் மனஸ்தாபம் என்றாலும் சம்பந்தி வீட்டு வேலையாயிற்றே. ஆராயி கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். இடுப்பு மடியில் பழக்கதோஷத்தில் ஒரு பொட்டலம் காப்பித்தூள் இருந்தது.

கூடத்தில் மல்லாட்டை மலையாகக் குவிந்திருந்தது. மிஷினில் உடைத்தால் பருப்பு நசுங்கும், முளைக்காது என்பதால் விதைக்குக் கையால்தான் உடைக்க வேண்டும். வெள்ளையம்மாள், ஆராயி, பக்கத்து வீட்டுக் காசியம்மா மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து பச்சையம்மாளும் மடியில் முறத்தை வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். தலைவலி போய்விட்டிருந்தது. ஆனால் முகம் பழைய முகமாக இல்லை. அம்மா பக்கம் கண் திரும்பவும் இல்லை.

டக், டக் என்று ஓடு உடைகிற சத்தம். ஆராயியின் கட்டைவிரல் அமுக்கியது. ஓடு பிளந்தது, பருப்பு இரண்டு. இன்னொன்று, இரண்டு. அதற்கடுத்ததும் இரண்டு. காப்பிக் கொட்டையைப் பொறுக்கிப் பொறுக்கியே தேய்ந்த விரல்கள் அவை. அந்த விரல்களுக்குத்தான் முதலில் விளங்கியது. தலைக்குப் பிறகுதான் ஏறியது.

அவள் கை அப்படியே நின்றது.

"சம்பந்தி" என்றாள் மெதுவாக. "வேணு உங்க வயித்துல இருக்கச்ச மல்லாட்டை துன்னீங்களா?"

"இது இன்னா கேள்வி? மல்லாட்டைக் கொல்லையிலதான் எனக்கு நோவே கண்டுச்சி. பச்சையா, வேக வெச்சி, வறுத்து, எத்தினி விதமா துன்ன முடியுமோ அத்தினியும் துன்னேன். அப்ப வேற இன்னா இருந்துச்சி?"

"அப்போ வேணுகூடப் பொறந்த இன்னொருத்தன் எங்க?"

வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆராயி பிளந்த ஓட்டை அவள் முன்னால் நீட்டினாள். உள்ளே தொட்டிலில் போட்ட மாதிரி இரண்டு பருப்பு.

முதலில் சிரித்தது காசியம்மாதான். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த ஓடெல்லாம் பறந்தது. "அட ஆமா! மூணு பருப்பு மல்லாட்டை துன்னவ நானு! எனக்கு மூணு மூணா இல்ல பொறந்திருக்கணும்? இந்த ஊரே ரெட்டையா இல்ல திரியணும்? வெள்ளம்மா, உன் புருசன் ஊட்ல அத்தினி பேருக்கும் சோறு போட்டு மாளுமா?"

வெள்ளையம்மாளின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. "மல்லாட்டை மண்ணுக்குள்ள காய்க்குது" என்றாள் விடாமல். "பூ மேல பூக்குது, காம்பு கீழ எறங்கி மண்ணுக்குள்ள போயிக் காய்க்குது. பூமாதேவி மடியில இருக்கிறதுக்கு ஒரு தோஷமும் கெடையாது. அதுவும் இதுவும் ஒண்ணா? அது மட்டுமில்ல, உங்க தாள்ல ஒட்டினு போட்டிருக்குது. ஒட்டி! மல்லாட்டை ஒட்டியா இருக்குது?"

'ஒட்டி' என்றதும் ஆராயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, போன பௌர்ணமிக்கு டவுன்லேர்ந்து உங்களோட பஸ்ல வந்தேனே, ஞாபகம் இருக்குதா? கிரிவலக் கூட்டம், மூணு பேரு சீட்ல நாலு பேரு. எப்பிடி உக்காந்தோம்?"

"எப்பிடி உக்காந்தோம்? மூச்சு விட எடமில்லாம ஒட்டி உக்காந்தோம்."

"எறங்கச்ச?"

வெள்ளையம்மாள் கையிலிருந்த மல்லாட்டையைக் குவியலில் போட்டாள்.

"எறங்கச்ச ஒட்டிக்கினேவா எறங்கினோம்? நீங்க உங்க பாட்டுக்கு எறங்கினீங்க, நான் எம்பாட்டுக்கு எறங்கினேன். அந்த ஒட்டிதாங்க இந்த ஒட்டி. ஒட்டி உக்காந்திருக்கும்னுதான் போட்டிருக்குது. ஒட்டிக்கினு பொறந்திருக்கும்னு போடல. தெனம் கையில அள்றவ நானு. பழத்தைப் பிதுக்கினா தனித்தனியா உழும். நடுவுல தோலு இருக்குது, சவ்வு இருக்குது. அதுஅது பாட்டுக்கு இருக்குது."

கூடத்தில் டக் டக் சத்தம் நின்றுபோயிருந்தது. வெள்ளையம்மாள் ஆராயி கையிலிருந்த ஓட்டை வாங்கினாள். இரண்டு பருப்பையும் விரலால் நகர்த்தினாள். தனித்தனியாக உருண்டன.

"எங்க அக்காவும் ரொம்ப மல்லாட்டை துன்னும்" என்றாள். "அந்த ஒரு பழத்தைச் சொன்னாங்களே ஒழிய, இதையெல்லாம் யாரும் நெனச்சிக்கூடப் பாக்கல. பாவம், அது ஆசைப்பட்டுத் துன்னுச்சி. அதும் மேலயே பழியைப் போட்டாங்க."

காசியம்மா அவள் முழங்காலில் கை வைத்தாள்.

பிறகு வெள்ளையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்கிற குரல் வந்துவிட்டது. "ரெட்டை வாழப்பழம் ஒட்டிப் பொறந்தது. அதை இந்த ஊட்ல எவளும் தொடக் கூடாது. அது அதுதான். மல்லாட்டையும் காப்பியும் கூடப் பொறந்தது. கூடப் பொறந்ததுல தப்பில்ல. கூடப் பொறந்தவங்க ஒட்டி உக்காராம வேற யாரு உக்காருவாங்க?" என்றாள். உடனே, "ஒரு டம்ளர்தான். காலையில மட்டும். நர்சம்மா சொன்ன கணக்குத்தான். இன்னைக்கி மட்டும் இப்ப" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"டப்பாவுல தூளு இல்லியே அத்த" என்றாள் பச்சையம்மாள். அவசரத்தில் அவளுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

ஆராயி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். மல்லாட்டைத் தூசியும் வியர்வையும் பட்டுக் கசங்கியிருந்தது. ஆனால் பிரித்ததும் எழுந்த வாசனை கூடத்தை நிறைத்தது. காசியம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

அடுப்பங்கரையில் இரண்டு சம்பந்திகளும் முட்டி மோதிக்கொண்டார்கள். "தண்ணி கொதிச்சிச்சி, தூளைப் போடுங்க" என்றாள் ஒருத்தி. "கொதிக்கச்சப் போட்டா கசப்புதான் எறங்கும். எறக்கி வெச்சிட்டுப் போடணும்" என்றாள் இன்னொருத்தி. "எங்க அடுப்புல எனக்கே சட்டமா?" "காப்பில நான்தானுங்க சட்டம்." தூளைப் போட்டு மூடி வைத்து, தூள் அடியில் தங்கினதும் வெள்ளைத்துணியில் வடித்தார்கள். டிகாஷன் இருட்டு மாதிரி இறங்கியது. பாலை ஊற்றினதும் செம்மண் கொல்லையில் மழை பெய்த நிறம் வந்தது. வெள்ளையம்மாள் தனக்கும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

"சும்மா, நல்லா இருக்குதானு பாக்கத்தான்" என்றாள். யாரும் கேட்கவில்லை.

ஆராயி டம்ளரைக் கொண்டுபோய் மகள் முன்னால் நீட்டினாள். பச்சையம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். முதலில் வாசனை பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். தொண்டையில் அது இறங்குவதை மூன்று பெண்களும் சேர்ந்து பார்த்தார்கள்.

பச்சையம்மாள் கண்ணைத் திறந்து நேராகத் தன் தாயைப் பார்த்தாள்.

"எம்மா, சக்கரை கம்மி."

ஆராயி சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள். சேலையில் ஒட்டியிருந்த மல்லாட்டை ஓடெல்லாம் வழி நெடுகக் கொட்டியது.